ரயில்வே கேட்டில் எனக்கு நடந்த மன வைத்தியம்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட்டில் நான் காவல் இருந்தேன். கேட்டை மூடுவது, திறப்பது, இவ்வளவுதான் வேலை. மூடுவது எனக்கு நன்றாக வரும். திறப்பதுதான் வராது.

இதைச் சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள், அப்போதும் சிரித்தார்கள். வெள்ளைக்காரன் ஆட்சி, இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் பெரிய முகாம் போட்டிருந்தார்கள். லாரி லாரியாகச் சாமான் போகும், ஆள் போகும். அதற்கு நடுவில் எங்கள் ஊர் மாட்டு வண்டிகளும் போகும். எல்லாம் என் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முறை என்னவென்றால், ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிட்டு, இன்ன வண்டி புறப்பட்டது என்று சொல்வார். நான் அதைக் கேட்டு, அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, கேட்டை மூடிச் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். வண்டி போனதும் இரண்டு பக்கமும் பார்த்துத் திறந்துவிட வேண்டும். ஒரு குழந்தைகூடச் செய்துவிடும். என்னால் முடியவில்லை. போன் வருவதற்கு ரொம்ப முன்னாடியே மூடிவிடுவேன். தண்டவாளத்தில் காதை வைத்துப் பார்ப்பேன், ஒன்றும் கேட்காது, கேட்காததே எனக்குப் பயமாக இருக்கும். வண்டி வந்து போன பிறகாவது திறக்கிறேனா என்றால், எதிர் லைனில் இன்னொன்று வந்துவிட்டால்? போனைச் சுற்றி ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிடுவேன்.

"ஐயா, எதிர் லைன்ல எதுனா வருதுங்களா?"

"வந்தா நான் சொல்ல மாட்டேனாய்யா? வையி போனை."

வைத்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி சுற்றுவேன். அவர் கத்துவார். அதற்குள் ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மேனாம்பேட்டிலிருந்து வைக்கோல் ஏற்றி வரும் ஒருவர் இருந்தார், வாய் கொஞ்சம் நீளம். நுகத்தடியில் காலைப் போட்டுக்கொண்டு அங்கிருந்தே ஆரம்பிப்பார்.

"யோவ் கேட்டு! ரயிலு இன்னும் பேசின் பிரிட்ஜையே தாண்டியிருக்காது, அதுக்குள்ள இஸ்து மூடிட்டியே! ரெண்டும் காளை மாடுய்யா. நீ தொறக்கறதுக்குள்ள இதுங்களே கன்னு போட்டுடும் போலக் கீது!"

வரிசை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். சங்கிலியை மட்டும் எடுக்க மாட்டேன்.

ஒருநாள் பட்டாளத்து லாரிகள் அப்படி மாட்டிக்கொண்டன. அதிலிருந்த துரை ஒன்றும் பேசவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேசியிருந்தால் தேவலை. சில நாளில் எங்கள் இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்து இறங்கினார். இரண்டு ஆட்கள் தள்ள, பின்னால் ஒருவன் குடை பிடிக்க, தண்டவாளத்தின் மேலேயே உருண்டு வரும் பலகை வண்டி அது. அவரும் கத்தவில்லை.

"இன்னொரு தடவை வருவேன். சொல்லிட்டு வரமாட்டேன். உக்காந்து பாக்கப் போறேன். இதே மாதிரி இருந்துச்சுன்னா, சாவிய குடுத்துட்டுப் போயிடு" என்றார்.

சாவி போனால் வேலை மட்டும் போகாது. கேட்டை ஒட்டிய அறைதான் எங்கள் வீடு. என் அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்து மாண்டவர். எங்கள் குடும்பத்தில் மாசச் சம்பளம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ரயில்வே உடுப்பு கிடைத்தது என்று ஊரே பேசியது. அப்போது என் மனைவி முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத் தங்கிய கரு. நான் எப்படி இருந்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு இன்னும் சீக்கிரமாக மூடினேன், இன்னும் தாமதமாகத் திறந்தேன்.

மனைவி என்னைத் திருவேற்காட்டுக்குக் கூட்டிப்போனாள். அம்மன் சன்னிதியில் மணிக்கட்டில் கயிறு கட்டி, வேப்பிலையால் தடவி அனுப்பினார்கள். பொய் சொல்லக்கூடாது, அங்கே இருந்தவரைக்கும் மனசு குளிர்ந்துதான் இருந்தது. திரும்பி வந்து கேட்டைப் பார்த்ததும் பழையபடி ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சைக்கிள்காரர் ஒருவர் அறிமுகமானார். என்னைவிடச் சின்னவர், மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. மேனாம்பேட்டில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கி, தினம் காலையில் ஆவடி முகாம் ஆஸ்பத்திரிக்குப் போவார். தினமும் என் கேட்டில் மாட்டுவார். மற்றவர்கள் திட்டுவார்கள், அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புத்தகம் படிப்பார். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு என்னிடம் வந்தார்.

"போன் வந்துச்சாங்க?"

"இன்னும் வரல சார்."

"அப்புறம் ஏன் மூடியிருக்கீங்க?"

இந்தக் கேள்வியை அந்த ரோட்டில் போகிற எல்லாரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பதிலுக்காகக் கேட்டவர் இவர் ஒருவர்தான். கேட்டுவிட்டு, நின்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் நானே அவரைத் தேடிப்போய் இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னேன். வயிற்றுப்பிள்ளைக்காரி வீட்டில் இருக்கிறாள் என்பதையும் சொன்னேன்.

அவர் தன் கதையைச் சொன்னார். பட்டணத்தில் காலேஜில் மனசைப் பற்றிய படிப்புப் படித்தவராம். சண்டையில் அடிபட்டு வந்த சிப்பாய்களில் சிலருக்கு உடம்பில் காயம் ஒன்றும் இராது, ஆனால் கை நடுங்கும், பேச்சு வராது. அவர்களோடு பேசிப் பேசியே குணப்படுத்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். தமிழ்ச் சிப்பாய் சொல்வதை அவருக்கு இங்கிலீஷிலும், அவர் சொல்வதைச் சிப்பாய்க்குத் தமிழிலும் சொல்வது இவர் வேலை.

"நான் படிச்சதெல்லாம் இங்கிலீஷ்லதாண்ணே. ஒரு ஆளோட தமிழ்ல நானா உக்காந்து பேசிப் பாத்ததே இல்லை. நீங்க ஒத்துக்கிட்டா, கேட் மூடியிருக்கிற நேரத்துல பேசலாம்."

"கேட்டு மூடிக் கீற நேரம்னா, அது நெறைய கீது சார்" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்: "இதால சரியாயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நீங்க சொல்றது எதையும் இன்னொருத்தர் காதுல போட மாட்டேன். அதை வேணா சத்தியம் பண்றேன்."

இதற்குத் தனி அறை வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், இரண்டு நாற்காலி வேண்டும் என்று அவர் புத்தகத்தில் போட்டிருந்ததாம். என் அறைக்குள் இரண்டு பேர் போய்க் கதவைச் சாத்தினால் வண்டிக்காரர்கள் சீட்டாட்டம் என்றுதான் நினைப்பார்கள். கேட்டை விட்டு நான் நகரவும் கூடாது. சுற்றுமுற்றும் பார்த்து, லைன் ஓரம் அடுக்கிக் கிடந்த, தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய ஸ்லீப்பர் கட்டைகளைக் காட்டினார். அங்கே உட்கார்ந்தால் கேட் கண்ணுக்குத் தெரியும், எங்கள் பேச்சு ரோட்டுக்குக் கேட்காது. அதுவே எங்கள் அறை ஆயிற்று.

முதலில் அவர் எடுத்தது ஒரு பெரிய முறை. வளர்ந்தவனுடைய பயத்துக்கு வேர் அவன் சின்ன வயசில் இருக்கும், அதைத் தோண்டி எடுத்தால் பயம் வாடிவிடும் என்பார்களாம். என் அப்பாவைப் பற்றிக் கேட்டார், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார், என்ன கனவு காண்கிறேன் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா படுத்த படுக்கையானதும் என்னைக் களை பறிக்க அனுப்பியது, வயலிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடக் கூரை தெரிவது, என் சிலேட்டுப் பலகையை வேறு ஒரு பிள்ளைக்குக் கொடுத்தது. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போன பிறகுதான் வினை. இத்தனை நாள் நினைக்காததை எல்லாம் நினைத்துக்கொண்டு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மறுநாள் எப்போதையும்விடச் சீக்கிரமாகக் கேட்டை மூடிவிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். ஏன் என்று புரிந்துகொண்டார்.

"தப்பு என்னோடதுண்ணே. கெளறத் தெரிஞ்சுது, மூடத் தெரியலை. அதுக்கெல்லாம் மாசக்கணக்கா உக்காரணும். நமக்கு ரயில் போறவரைக்கும்தான் நேரம்."

படித்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துத் தன் தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்காகவே அவர் அடுத்து என்ன சொன்னாலும் கேட்பது என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் அடுத்ததைச் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டார். அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு முறை. வைத்தியர் தோண்டவும் கூடாது, புத்தி சொல்லவும் கூடாது. வந்தவன் சொல்வதை முழுசாகக் கேட்டு, தான் கேட்டதை அவனிடமே திருப்பித் தர வேண்டும். தன் வழியைக் கண்டுபிடிக்கிற தெம்பு அவனுக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது இதுதான்:

"மூடலேன்னா நெஞ்சு அடிச்சிக்குது சார்."

"மூடலேன்னா நெஞ்சு அடிச்சுக்குது."

"ஆமா சார். எதுனா ஆயிடுமோன்னு பயமா கீது."

"ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

எங்கள் பக்கத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் அப்படியே சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பழிப்புக் காட்டுவது. சண்டை போடும் பிள்ளைகள் அப்படிச் செய்யும். எனக்குக் காது சூடேறிவிட்டது. எழுந்துவிட்டேன்.

"இன்னா சார், நான் சொல்றதையே சொல்லிக் காட்டுறீங்க? நக்கலா? மூணாங்கிளாஸ்காரன்தானேன்னு பாக்குறீங்களா?"

அவர் முகம் செத்துப்போனது. ரோட்டிலிருந்து வைக்கோல் வண்டிக்காரர் குரல்: "அண்ணாத்தே, நம்ம கேட்டுக்காரருக்கே கோவம் வந்துட்ச்சி பாரு! வைக்கோலை மூடுங்கப்பா, மழ கொட்டப் போவுது!"

அன்று ரயில் போய், நான் கேட்டைத் திறந்ததும், சைக்கிள்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு தாண்டிப் போய்விட்டார். இனி வேறு பாதையில்தான் போவார் என்று நினைத்தேன். அந்தக் கவலை வேறு சேர்ந்துகொண்டது.

மறுநாளும் அதே வழியில்தான் வந்தார். எனக்கு எப்படி முகம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கும்போது போன் அடித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியைச் சொன்னார். நான் அதையே சொன்னேன். அவர் "சரி" என்றார், வைத்தேன். இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் சொன்னதையே ஏண்ணே திருப்பிச் சொன்னீங்க?"

"அது ரூல் சார். நான் திருப்பிச் சொன்னாதானே, சரியா கேட்டேனா இல்லியான்னு அவருக்குத் தெரியும்? தப்பா சொன்னேன்னா அவரு திருத்துவாரு."

அவர் மெதுவாக, "நேத்து நான் பண்ணினதும் அதுதாண்ணே" என்றார்.

நான் போனைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். இந்தப் பிள்ளை என்னைப் பழிக்கவில்லை. நான் சொன்னது சரியாக விழுந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அப்டின்னா, நீங்க தப்பா சொன்னீங்கன்னா நான் திருத்தலாமா சார்?"

"திருத்தணும்ணே. அதுக்குத்தானே சொல்றேன்."

அன்று முதல் எங்கள் பேச்சே வேறு மாதிரி ஆகிவிட்டது. யார் பேச்சையும் திருத்திப் பழக்கமில்லாத நான் ஒரு காலேஜ் படிப்பாளியைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர், "ரயிலை நெனச்சா பயமா இருக்கு" என்பார். நான், "ரயிலு இல்ல சார்" என்பேன். "ரயில் இல்லை, ஆள் அடிபட்டுடுவாங்கன்னு பயம்." "அதுவும் கீது. ஆனா அது மட்டும் இல்ல." இப்படித் திருத்தித் திருத்தி ஒருநாள் எனக்கே தெரியாமல் இருந்த ஒன்று வாயில் வந்துவிட்டது.

"நாளைக்கி எதுனா ஆச்சின்னு வெச்சுக்க. ஏண்டா மூடலேன்னு கேப்பாங்க. ஏண்டா தொறந்தேன்னு கேப்பாங்க. படிக்காதவன எவன்டா வேலைக்கு வெச்சதுன்னு கேப்பாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியாது தம்பி. மூடியே கெடந்தா திட்டுவாங்க, அவ்ளோதான். அந்தக் கேள்விய கேக்க மாட்டாங்க."

சார் எப்போது தம்பி ஆனார் என்று நான் கவனிக்கவில்லை. அவர் சொன்னார்:

"திட்டு வாங்கறது பெருசில்லை. கேள்வி கேட்டு, பதில் இல்லாம நிக்கறதுதான் பயம்."

இதில் திருத்த ஒன்றுமில்லை. "அதான். அதேதான்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையில் இருந்தது பச்சைக்கொடி, அதாலேயே துடைத்துக்கொண்டேன். என்னை அத்தனை சரியாக யாரும் கேட்டதில்லை, பெற்றவர்கள் உள்பட. அதற்கு அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு உட்கார நேரம் இருந்ததில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. காரணம் தெரிந்துபோயிற்று, ஆனாலும் காலையில் கை தானாகச் சங்கிலிக்குப் போனது. இன்ஸ்பெக்டர் எந்த நாளும் வந்து நிற்கலாம். "தெரிஞ்சும் கை போவுதே தம்பி" என்று சைக்கிள்காரரிடம் சொன்னேன்.

"மூணாவதா ஒரு கூட்டம் இருக்குண்ணே. பயம் பழக்கத்துல வந்தது, பழக்கத்துலதான் போகும்னு சொல்றவங்க. கொஞ்சம் கொஞ்சமா, படிப்படியா. பாக்கலாமா?"

"ரூலை மீறச் சொல்லுவியா?"

"ரூல் என்ன சொல்லுதோ அதுக்கு முன்னாலயும் வேணாம், பின்னாலயும் வேணாம். அவ்வளவுதான் நான் கேக்கறது."

பயம் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரிய ஒரு அளவு வேண்டியிருந்தது. என்னை அம்பத்தூர் ஏரியில் இறங்கி நிற்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னார். தண்ணீர் முழங்காலா, இடுப்பா, மாரா, கழுத்தா? அந்த ஏரியில் முங்கி வளர்ந்தவன் நான், உடனே பிடிபட்டுவிட்டது. முதல் பாடம், போன் வரும்வரை சங்கிலியைக் கையில் வைத்துக்கொள்ளலாம், இழுக்கக்கூடாது. அது பழகியதும் சங்கிலியைத் தொடாமல் நிற்பது. அதுவும் பழகியதும் உட்கார்ந்திருப்பது. அவர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துகொண்டு கேட்பார்.

"இப்ப எங்க இருக்கு?"

"கழுத்துல தம்பி. வாயில பூந்துடும் போலக் கீது."

"நீந்தாதீங்க. நில்லுங்க."

நிற்பேன். வியர்த்து ஊற்றும். வண்டிகள் பாட்டுக்குக் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும், ஒவ்வொரு சக்கரமும் என் நெஞ்சின் மேலேயே ஏறிப் போகும்.

"இப்போ?"

"மாருக்கு வந்துகீது." பிறகு, "இடுப்பு."

அது தானாகவே இறங்கியதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நாற்பதை நெருங்குகிற வயசுவரைக்கும், இறங்க விடாமலே ஒவ்வொரு தடவையும் கரைக்கு ஓடியிருக்கிறேன். நின்றால் இறங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

திறப்பதற்கும் அப்படித்தான். முதலில் ஸ்டேஷன் மாஸ்டரை ஒரே ஒரு தடவை கேட்கலாம். அப்புறம் கேட்கவே கூடாது. சிக்னல் கை இறங்கினால் வண்டி வருகிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் பார்த்து, இறங்கவில்லை என்றால் திறந்துவிட வேண்டும். நான் போனைச் சுற்றாத முதல் நாள் ஸ்டேஷன் மாஸ்டரே கூப்பிட்டார்: "இன்னாய்யா, உடம்பு கிடம்பு சரியில்லியா?"

வீட்டுக்கும் ஒரு பாடம் இருந்தது. கேட்டை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, "கேட்டைப் பூட்டினேன்ல? நீ பாத்தேல்ல?" என்று மனைவியைப் பிடுங்கி எடுப்பேன். அவளும் பூட்டினே, பூட்டினே என்பாள். அவள் பதில் சொல்லச் சொல்ல என் சந்தேகம் வளருமாம், அதனால் இனி பதில் சொல்லக்கூடாதாம். இதை நானே போய் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"நெசமாவா? நான் பதிலே சொல்ல வேணாமா?" என்றாள். "உங்கள கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இதுக்குத்தான் பதில் சொல்லிகினு கீறேன். அந்த நைனா நல்லா இருக்கணும். உங்களுக்கு வைத்தியமோ இல்லியோ, எனக்கு வைத்தியம்."

மணிக்கட்டில் கிடந்த கயிற்றை அவிழ்த்துப் போடச் சொல்வாரோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. ஒருநாள் நானே கேட்டேன். "அது உங்களுக்குத் தைரியமா இருக்கா? அப்ப இருக்கட்டுமே. நான் எதுக்கு அதோட சண்டைக்குப் போறேன்?" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒரு நடுக்காலையில் வந்தார். சைக்கிள்காரர் அதற்கு முன்பே ஆவடிக்குப் போய்விட்டிருந்தார். டிராலியைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, என் ஸ்டூலை எடுத்துப்போட்டு, லைனையும் ரோட்டையும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தார். போன் வரவில்லை. ரோட்டில் வண்டிகள் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர் கழுத்தில் நின்றது. கேட்க யாரும் இல்லை, நானே கேட்டு நானே சொல்லிக்கொண்டேன். அன்று அது இடுப்புக்கு இறங்கவில்லை. மாருக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அதோடுதான் நின்றேன்.

போன் அடித்தது. கேட்டேன், திருப்பிச் சொன்னேன், வந்து ஒரு பக்கத்தை மூடினேன். மறுபக்கத்தை இழுக்கும்போது பார்த்து வைக்கோல் வண்டி வந்தது.

"அண்ணாத்தே, ஒரே ஒரு வண்டி! நம்ம வண்டிதான், உட்டுடு!"

"நில்லு" என்றேன்.

"அட கஸ்மாலமே, ஊருக்கெல்லாம் தொறந்துட்டு, நான் வந்தாதான் மூடுவியா?"

மூடிப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் சரக்கு வண்டி வந்து தடதடவென்று போனது. கடைசிப் பெட்டியும் தாண்டியது. இப்போதுதான் என் கஷ்ட காலம். எதிர் லைன். கை தானாகப் போன் பக்கம் போகப் பார்த்தது. மேற்கே பார்த்தேன், சிக்னல் கை இறங்கவில்லை. கிழக்கே பார்த்தேன், இறங்கவில்லை. நின்றேன் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு நேரம் ஆகியிருக்காது. சங்கிலியை எடுத்தேன். திறந்தேன். வைக்கோல் வண்டி என்னைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனது.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார்.

"எதிர் லைனுக்கு ஸ்டேஷனைக் கேக்கலியே, ஏன் தொறந்தே?"

நான் வாழ்நாளெல்லாம் எந்தக் கேள்விக்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது. உடுப்புப் போட்டவர் வாயிலிருந்து, பத்துப் பேர் பார்க்க வந்தது. ஆனால் சொல்வதற்கு ஏதோ இருப்பது எனக்குத் தெரிந்தது.

"எதிர் லைன்ல வண்டி கெளம்பினா, ஸ்டேஷன்லேர்ந்து போன் வரணுங்க. வரல. ரெண்டு பக்கமும் பாத்தேன், சிக்னல் எறங்கல. அதான் தொறந்தேங்க."

அவர் மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார். "ம்" என்றார். மறுபடி உட்கார்ந்து இன்னும் இரண்டொரு ரயில் போகும்வரை பார்த்தார். என் மனைவி கொண்டுவந்த மோரைக் குடித்தார். டிராலி ஏறும்போது, "இப்டியே பண்ணு" என்றார். சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

பயம் என்னை விட்டுப் போய்விட்டதா என்று கேட்கிறவர்கள் உண்டு. போகவில்லை. என் மகள் பிறந்தபோது பயந்தேன், அவள் நடந்தபோது பயந்தேன், பள்ளிக்கூடம் போனபோது ரொம்பவே பயந்தேன். ஆனால் அனுப்பினேன். அவள் பெரிய வகுப்புகள் படித்து, இந்த மூன்று முறைகளுக்கும் என்னென்ன பேர் என்று எனக்குப் படித்துக் காட்டினாள். ஒன்றோடொன்று சண்டை போடுகிற கூட்டங்களாம் அவை. எனக்கு அந்தச் சண்டையில் பங்கில்லை. சரியாகக் கேட்ட ஒரு ஆள் இருந்ததால்தான் ஏரியில் நிற்கத் துணிச்சல் வந்தது. தோண்டிய அந்த ஒருநாள் வீணாகவில்லை என்றும் இப்போது தோன்றுகிறது. அவர் தன் தப்பு என்று சொல்லியிராவிட்டால் நான் மேற்கொண்டு வாயைத் திறந்திருப்பேனா, தெரியாது.

இன்ஸ்பெக்டர் வந்துபோன மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சைக்கிள்காரர் வருகிற நேரம். போன் வரவில்லை, அதனால் கேட் திறந்தே இருந்தது. தூரத்தில் அவரைப் பார்த்துவிட்டேன். நடந்ததைச் சொல்ல வாயெல்லாம் துடித்தது. அவரும் கேட் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டார். இத்தனை நாளில் நிற்காமல் அவர் இந்தக் கேட்டைத் தாண்டியதே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், லைனுக்கு நடுவிலேயே காலை ஊன்றிவிட்டார்.

"லைன்ல நிக்காதே தம்பி! போ, போ!" என்று கத்தினேன்.

பதறிப்போய் மிதித்துத் தாண்டினார். அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்து, "என்ன ஆச்சுண்ணே?" என்று கேட்டார். அவருக்குப் பின்னாலேயே பட்டாளத்து லாரிகள் வரிசையாக வந்து ஹாரன் அடித்தன. அவரால் நிற்க முடியவில்லை.

"வேலை போவலப்பா! வேலை கீது!" என்று கத்தினேன்.

லாரி சத்தத்தில் அது காதில் விழுந்ததோ என்னவோ. ஒரு கையைத் தூக்கிக் காட்டினார், மிதித்துக்கொண்டு ஆவடிப் பக்கம் போனார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு, லாரிகள் எல்லாம் போகும்வரை நின்றேன்.